பேச்சு எதுவும் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் கடிதம் வந்தது. ‘பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது’, ‘படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை’ என்று தும்பி மென்பொருளைப் பற்றி வந்திருந்த புகார்களுக்கு நடுவே, தலைப்பே இல்லாமல் கிடந்தது.

“வணக்கமுங்க. உங்க சாப்ட்வேர்ல என்ற வீட்டுக்காரர் பேசலைன்னு தினமும் வருது. அவர் பேசறாருன்னு எனக்குத் தோணுது. வர்ற வெள்ளிக்கிழமை மூச்சு மிசினை எடுத்துருவாங்களாம். நெசமாவே பேச்சு இல்லையான்னு ஒரே ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சுகந்தி.”

கீழே ஒரு தொலைபேசி எண். கூடவே ஒரு கோப்பு.

அதைப் படித்தவள் பெயர் மதிவதனி. கரூரில் இருந்தாள். பாடநூல் அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது அவள் பிழைப்பு. மிச்ச நேரத்தில் பதினோரு வருடமாகத் தும்பிக்கு வேலை செய்துவந்தாள். தும்பி கட்டற்ற மென்பொருள். ஒலிக்கோப்பு, படக்கோப்பு எதுவானாலும் திறந்து ஓட்டும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதை ஆக்கியவர்கள் ஏழெட்டு நாடுகளில் இருக்கும் முப்பது பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த முப்பது பேரில் மதிவதனி ஒருத்திக்குத்தான் நிரல் எழுதத் தெரியாது. தும்பி திரையில் பேசும் தமிழ் அவளுடையது. ஏதாவது கோளாறு ஆனால் அதை மனிதர்களுக்குப் புரியும்படி சொல்வது எப்படி என்பதுதான் அவள் வேலை.

கோப்பைத் திறந்தாள். ஒரு நொடி கழித்து ஒரு சிறிய பெட்டியில் ஒரே ஒரு வரி வந்தது.

‘இந்தக் கோப்பில் பேச்சு எதுவும் இல்லை.’

ஏழு வருடங்களுக்கு முன் அவளே எழுதிய வரி. தலைப்பட்டைகள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. பக்கவாதத்தில் உடம்பு முழுக்கச் செயலற்று, கண்ணிமைகூட அசையாமல் கிடப்பவர்களின் தலையில் அந்தப் பட்டையைக் கட்டுவார்கள். அவர்கள் பேச முயன்றால், நாக்கு அசையாவிட்டாலும், நாக்குக்கு மூளை அனுப்பும் கட்டளையைப் பட்டை பிடித்துக் குரலாக்கி, சலனம் இருந்த நேரங்களை மட்டும் சேர்த்து, நாளுக்கு ஒரு கோப்பாக எழுதிவைக்கும். அரசு மருத்துவமனைகளில் அந்தக் கோப்புகளைத் தும்பியில்தான் போட்டுக் கேட்டார்கள். பேச்சு கிடைக்காதபோது தும்பி காட்டவேண்டிய செய்தி ஆங்கிலத்தில் வளைத்துச் சுற்றி இருந்தது. அதை அப்படியே தமிழாக்கினால் ‘பேச்சோடை ஏதும் கண்டறியப்படவில்லை’ என்று வரும். ஆஸ்பத்திரி ஊழியருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்களுக்கும் இது எப்படிப் புரியும் என்று மதிவதனி ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் சுருக்கி, எளிமையாக்கி எழுதினாள். நல்ல தமிழ் என்று பலரும் பாராட்டினார்கள்.

இப்போது அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பின் அளவைப் பார்த்தாள். உடனே அதை வவுனியாவில் இருக்கும் பிரணவனுக்கு அனுப்பிவிட்டு, அவனை அழைத்தாள். தும்பியின் ஒலிப்பகுதிக்கு நிரல் எழுதுபவன் அவன்தான்.

“பிரணவன், நான் அனுப்பின கோப்பைப் பாத்தீங்களா?”

“ஓம் அக்கா. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன். இது வெறும் கோப்பு இல்லை. நாற்பது மெகாபைட் இருக்குது. ஒண்டும் இல்லாட்டி இவ்வளவு பாரமா இருக்காது.”

“அப்ப ஏன் பேச்சு இல்லைன்னு வருது?”

விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

“பட்டை செய்யிற கம்பனி எட்டு மாசத்துக்கு முதல் புதுப் பட்டை விட்டவங்கள். அதில கோப்பின்ட வகையையே மாத்திப் போட்டாங்கள். பூட்டின வகை. தும்பிக்கு அதை வாசிக்கத் தெரியாது.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னுதானே சொல்லணும்?”

“அங்கதான் அக்கா பிழை. பேச்சு இல்லாத கோப்பும், தும்பிக்கு வாசிக்கத் தெரியாத கோப்பும் என்ட நிரலில ஒரே வழியாத்தான் போகுது. ரெண்டுக்கும் உங்கட அந்த வசனம்தான் வரும்.”

மதிவதனி நாற்காலியில் சாய்ந்தாள். தும்பிக்குத் தெரியாததையும், உண்மையில் இல்லாததையும் ஒரே சொல்லால் அவள் மூடிவிட்டிருக்கிறாள். ஏழு வருடமாக அது ஆஸ்பத்திரிகளில் அப்படியே பேசிக்கொண்டிருக்கிறது.

“உங்களால அதைத் திறக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள?”

“மூண்டு நாளிலயோ? ஏலாது அக்கா. ரெண்டு மூண்டு கிழமையாவது வேணும். கம்பனி தானா வழி சொன்னால் ஒரு மணித்தியாலம்.”

கம்பெனிக்கு எழுதினார்கள். பதில் இயந்திரம் எழுதியது போல வந்தது: புதிய வகைக் கோப்புகளை உரிமம் பெற்ற மென்பொருளில் மட்டுமே திறக்கலாம், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கப் பத்து வேலை நாட்கள் ஆகும்.

சுகந்தியின் எண்ணுக்கு அழைத்தபோது மணி பன்னிரண்டு.

“நீங்கதானுங்களா அந்த சாப்ட்வேர்காரங்க? இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க.”

“ஏன் வெள்ளிக்கிழமைன்னு சொல்றாங்க?”

“அன்னைக்கு நூத்தியெண்பது நாள் ஆகுதுங்க.”

மதிவதனிக்கு அந்த விதி தெரியும். பட்டை வந்த மறு வருடமே அந்த விதியும் வந்தது. மூச்சு இயந்திரங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். பட்டை கட்டித் தொண்ணூறு நாள் பேச்சே இல்லாவிட்டால், குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லலாம். அவர்கள் போடாவிட்டாலும், நூற்றெண்பதாவது நாள் மருத்துவக் குழு கூடி முடிவெடுக்கும். சுகந்தி கையெழுத்துப் போடவில்லை.

“அவர் பேசறாருன்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஆதாரமெல்லாம் கேட்டா என்கிட்ட இல்லீங்க. இருபத்திரெண்டு வருசம் கூட இருந்திருக்கறேன். அவர் கோவமா இருந்தா ரூமுக்குள்ள நொழையறப்பவே எனக்குத் தெரியும். இப்பவும் தெரியுதுங்க.”

மதிவதனி சொல்லிவிட்டாள். “பேச்சு இல்லைன்னு வருதில்லைங்களா, அந்த வார்த்தையை எழுதினது நான்தாங்க. அது தப்பு. அவர் பேசியிருக்கலாம், பேசாமலும் இருந்திருக்கலாம். எங்க மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியலை. அவ்வளவுதான் நெசம்.”

திட்டுவாள், அழுவாள் என்று மதிவதனி காத்திருந்தாள்.

“நீங்கதான எழுதுனீங்க,” என்றாள் சுகந்தி. “அப்ப நீங்களே வந்து அழிச்சிருங்க.”

புதன்கிழமை காலை முதல் பேருந்தில் ஏறி, ஒன்பது மணிக்கு சுகந்தியின் கணவர் இருந்த அரசு நரம்பு மருத்துவமனைக்கு மதிவதனி போய்ச் சேர்ந்தாள். சுகந்தி வாசலிலேயே நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, தையல் கடை ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். அவள் கணவர் பூபதி விசைத்தறிகளைப் பழுது பார்ப்பவர். ஒருநாள் தறிக்கு அடியில் குனிந்தவர் எழவே இல்லை.

நான்காம் படுக்கையில் கிடந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. தொண்டையில் குழாய். நெற்றியைச் சுற்றிச் சாம்பல் நிறப் பட்டை. அவர் முகத்துக்கு நேராக ஒரு நிற்கும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“வெக்கை தாங்கமாட்டாருங்க. வீட்டிலிருந்து கொண்டாந்து வெச்சேன்,” என்றாள் சுகந்தி.

அப்போது ஒரு தொழில்நுட்ப ஊழியர் கைக்கணினியோடு வந்தார். ஒவ்வொரு படுக்கையாகப் பட்டையின் முந்தைய நாள் கோப்பைத் திறந்து, திரையில் வருவதைச் சத்தமாகப் படித்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே போனார்.

“மூணாம் பெட், பேச்சு இல்லை. நாலாம் பெட், பேச்சு இல்லை. அஞ்சாம் பெட், பேச்சு இல்லை.”

தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயால், அதுவும் ஒரு மனிதனின் தலைமாட்டில் நின்று சொல்லக் கேட்பது மதிவதனிக்கு அதுவே முதல் தடவை.

வார்டுக்குப் பொறுப்பு டாக்டர் வஹிதா. எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுது மேடம். ஆனா கோப்பு பெருசா இருக்குங்கறதை வெச்சு நான் என்ன எழுத? இந்த ஃபேன் மோட்டாரோட மின் இரைச்சலைக்கூடப் பட்டை பிடிக்கும். அதுவும் கோப்பைப் பெருசாக்கும்.”

“இருக்கலாம் டாக்டர். அதைத்தான் நானும் சொல்றேன். பேச்சு இருக்குன்னு நான் சொல்லலை. இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றேன்.”

“குழுவுல மூணு பேர். அவங்க முன்னாடி நான் வைக்கவேண்டியது பதிவேடு. பதிவேட்டுல ஏறறது மென்பொருள் திரையில காட்டற வாசகம். அதுதான் விதி. அதுல நூத்தியெழுபத்தெட்டு நாள் வரிசையா ‘இல்லை’ன்னு இருக்கு. நீங்க கையால எழுதித் தர்ற கடிதத்தை நான் வெச்சா, தள்ளி வெச்சுட்டுப் போயிடுவாங்க.”

“இத்தனை நாள்ல உங்களுக்குச் சந்தேகமே வரலீங்களா?” என்று சுகந்தி கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். “இந்த வார்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் கடைசி வரைக்கும் பேசமாட்டாங்கம்மா. ஒருத்தர் பேசலைங்கறது எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. அதான்.”

“புதுப் பட்டை எத்தனை பேருக்குக் கட்டியிருக்கீங்க?” என்று மதிவதனி கேட்டாள்.

டாக்டர் வஹிதா பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒவ்வொரு பெயராக நின்று நின்று போனது. பாதியில் ஓரிடத்தில் நின்றது, அப்புறம் நகரவில்லை.

“ஆறு பேர்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப நாலு பேர்,” என்றார்.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் மாறியிருந்தது.

“நீங்க கடிதம் எழுதவேண்டாம். உங்க மென்பொருளைச் சொல்ல வைங்க. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குக் குழு கூடும். அதுக்குள்ள அந்தத் திரையில வேற வாசகம் வந்தா நான் அதைப் பதிவேட்டுல ஏத்தறேன். நானே இன்ஸ்டால் பண்ணச் சொல்றேன்.”

செய்தி ஒன்றை மாற்றுவது சாதாரணமாகப் பத்து நாள் வேலை. பிரணவன் இரண்டு வழிகளையும் பிரித்து நிரலை மாற்றவேண்டும். மாற்றத்தைத் தும்பிக் குழுவின் இரண்டு மூத்தவர்கள் பார்த்து ஒப்பவேண்டும். அதன் பிறகுதான் புதிய பதிப்பு வெளியாகும். மதிவதனி அன்று ஊர் திரும்பவில்லை. சுகந்தியின் தையல் கடையில், துணி வெட்டும் மேசை மேல் கணினியை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வழக்கமான சொற்களில் எழுதிப் படித்துக் காட்டினாள். “‘ஆதரிக்கப்படாத ஊடக வடிவம்.’ இதைப் பாத்தா உங்களுக்கு என்ன புரியுதுங்க?”

சுகந்தி தையல் மிஷினை நிறுத்தினாள். “ஆதரிக்கலைன்னா... நம்மளக் கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தமுங்களா?”

மதிவதனி அதை அழித்தாள்.

“‘கோப்பைத் திறப்பதில் பிழை.’ இது?”

“பிழைன்னா அவருகிட்டயா, உங்ககிட்டயா?”

அதையும் அழித்தாள்.

“‘கோப்பின் வகை அறியப்படவில்லை.’”

“அறியலைன்னா விட்டுருவாங்களேங்க. தெரியாத ஒண்ணை யாரு கெட்டியாப் புடிச்சு வெச்சிருப்பா? குப்பைன்னு தூக்கிப் போட்டுருவாங்க.”

பெட்டிக்குள் நான்கு சிறிய வரிகள்தான் அடங்கும். மதிவதனி எழுதினாள், வெட்டினாள், மறுபடி எழுதினாள். மத்தியானம் சுகந்தி கொண்டுவந்து வைத்த சோறு ஆறிப்போனது. மூன்று மணிக்கு ஒரு வாசகம் நின்றது.

‘இந்தக் கோப்பைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. இது எனக்குப் புதிய வகை. இதில் பேச்சு இருக்கலாம். அழித்துவிடாதீர்கள், இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.’

சுகந்தி அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

மூத்தவர்களில் ஒருவர் உடனே ஒப்பினார். இன்னொருவர் மறுத்து எழுதினார். மென்பொருள் ‘எனக்கு’ என்று பேசுவது மரபல்ல. முடிவெடுக்காதே என்று சொல்ல மென்பொருளுக்கு என்ன அதிகாரம். வழக்கமான சொல்லே போதும் என்றார். மதிவதனி வாதம் செய்யவில்லை. நடந்ததை அப்படியே எழுதினாள். ஆறு பேர் என்று எழுதினாள், இரண்டு பேர் என்று எழுதினாள். ‘இதற்கு முன்பு நாம் சொன்னதுதான் அதிகாரம் இல்லாமல் சொன்னது. இப்போது நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று மட்டும்தான் சொல்கிறோம்’ என்று முடித்தாள்.

பதில் வரவில்லை. மாலை ஆனது. சுகந்தி கடையைச் சாத்தாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பிரணவன் நிரலை முடித்துவிட்டு, “அவர் ஒப்பாட்டி என்ன செய்யிறது அக்கா?” என்று மூன்று முறை கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு அந்த மூத்தவரிடமிருந்து ஒரே சொல் வந்தது. ‘சரி.’

ஒன்பதரைக்கு வார்டுக் கணினியில் புதிய பதிப்பு ஏறியது. பத்து மணிக்குக் குழு கூடியது. சுகந்தியும் மதிவதனியும் வெளியே நின்றார்கள். டாக்டர் வஹிதா கோப்பைத் திறந்து காட்டியபோது உள்ளே ஏதோ வாக்குவாதம் நடந்தது. கதவு கனமானது; சொற்கள் வெளியே கேட்கவில்லை. சுகந்தி மதிவதனியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. மதிவதனி கையை எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

“தள்ளி வெச்சிருக்காங்க. கோப்பு திறக்கற வரைக்கும். மத்த மூணு பேருக்கும் சேத்து.”

சுகந்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரணவனும் வேறு நான்கு பேரும் பத்தொன்பது நாள் அந்தப் பூட்டை உடைக்க உழைத்தார்கள். இருபதாவது நாள் காலை அவன் அழைத்தான். வழக்கமாக நிறையப் பேசுபவன், அன்றைக்கு “அனுப்பியிருக்கிறன் அக்கா, கேளுங்கோ” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

நான்காம் படுக்கையருகே அதைச் சுகந்தி கேட்கும்போது மதிவதனி பக்கத்தில் இருந்தாள். பட்டை ஆக்கித் தந்த குரல் தட்டையாக இருந்தது. ஆனால் சொற்கள் பூபதியுடையவை.

“ஃபேனைத் திருப்பு சுகந்தி. நேரா கண்ணுல அடிக்குது. கண்ணு எரியுது.”

நூற்றைம்பது நாளுக்கு மேல் அதைத்தான் அதிகம் சொல்லியிருந்தார். சில நாட்கள் கெஞ்சினார், சில நாட்கள் திட்டினார். நடுவில் தறிகளைப் பற்றி, கடைவீதியைப் பற்றி, மூக்கு அரிப்பதைப் பற்றி. ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணியை ஒட்டி ஒரே பேச்சு வந்தது. ஊழியர் வந்து நாலாம் பெட், பேச்சு இல்லை என்று படிக்கும் நேரம் அது.

“பேசறனுங்க. சார், பேசறனுங்க. இருக்கேனுங்க.”

சுகந்தி எழுந்துபோய் விசிறியைத் திருப்பினாள். பிறகு அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெகுநேரம் திரும்பவில்லை.

மற்ற மூவரில் இருவர் பேசியிருந்தார்கள். இப்போது நான்காம் படுக்கையின் பேச்சை வார்டே கேட்கிறது. பூபதிக்குக் கோபம் இன்னும் தணியவில்லை என்று சுகந்தி தொலைபேசியில் சொல்வாள், சொல்லும்போது சிரிப்பாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, மதிவதனி வீட்டுக் கதவை ஒருவன் தட்டினான். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் லாரி கம்பெனி அடையாள அட்டை.

“என்ற பேரு தினகரனுங்க. அம்மா பேரு ஜோதிமணி. அந்த ஆஸ்பத்திரியில, ஏழாம் பெட்டு.”

மதிவதனி அவனை உள்ளே வரச் சொன்னாள். இறந்துபோன அந்த இரண்டு பேரில் ஒருவரின் பெயர் ஜோதிமணி என்பது அவளுக்குத் தெரியும்.

அவன் உட்காரவில்லை. கையிலிருந்த சின்னப் பென் டிரைவை மேசைமேல் வைத்தான். “தொண்ணூத்தியேழு நாள் கோப்பு. டாக்டரம்மா குடுத்தாங்க. உங்களைப் பத்தியும் அவங்கதான் சொல்லி விலாசம் குடுத்தாங்க. அழிக்காம வெச்சிருந்தாங்களாம்.”

“தொண்ணூத்தியேழாவது நாள்...”

“நான் கையெழுத்துப் போட்டனுங்க. அதுல பேச்சு இல்லைன்னு இருந்துச்சு. அம்மாவை வெச்சுக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு போட்டேன்.” பென் டிரைவை அவள் பக்கம் தள்ளினான். “நான் இதைக் கேக்க வரலீங்க. இதுல ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும். நான் போயிடறேன்.”

“பார்க்காம சொல்லமாட்டேங்க,” என்றாள் மதிவதனி. “இன்னொரு தடவை என்னால முடியாது.”

அவன் தலை குனிந்தான். பிறகு, சரி என்பதுபோல் கையசைத்தான்.

இப்போது தும்பிக்கு அந்த வகை தெரியும். முதல் கோப்பைப் போட்டாள். ஓடி முடிந்ததும் திரையில் வந்தது: ‘இந்தக் கோப்பை முழுவதும் படித்தேன். இதில் இரைச்சல் மட்டுமே உள்ளது, பேச்சு இல்லை.’ இரண்டாவதும் அப்படியே. பத்தாவது, முப்பதாவது, அறுபதாவது. அவன் சுவரைப் பார்த்து நின்றான். தொண்ணூற்றேழாவதும் அப்படியே வந்தபோது மதிவதனி கண்ணை மூடிக்கொண்டாள். உண்மையிலேயே இல்லை. ஜோதிமணி ஒரு சொல்லும் பேச முயலவில்லை. முதல்முறையாக அந்தச் சொல்லை அவள் தைரியமாகச் சொல்லலாம்.

“இல்லைங்க தம்பி. ஒண்ணுலயும் பேச்சு இல்லை. நீங்க செஞ்சது தப்பில்லை.”

தினகரன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எதிர்பார்த்த நிம்மதி அதில் வரவில்லை.

“எனக்காகச் சொல்றீங்களா?”

“சத்தியமா இல்லைங்க. இங்க பாருங்க, திரையில வந்திருக்கு.”

அவன் திரையை வெகுநேரம் பார்த்தான்.

“இதுவும் நீங்க எழுதினதுதானுங்களே,” என்றான்.

பிரணவனைப் பேசச் சொல்லலாம், டாக்டரைப் பேசச் சொல்லலாம். அவர்களும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள்.

அவன் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, கணினியில் செருகியிருந்த காதுக்கருவியை மாட்டிக்கொண்டான். முதல் கோப்பிலிருந்து ஆரம்பித்தான். இரைச்சலைத்தான் கேட்டான். ஒரு மணி நேரம் போனது. அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அவன் தொடவில்லை. மூன்றாவது கோப்பின் நடுவில் சட்டென்று நிமிர்ந்து கையைத் தூக்கினான்.

“இங்க. இங்க கேளுங்க. ‘தினா’ன்னு கூப்பிடற மாதிரி இருக்கு.”

மதிவதனி காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டாள். தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஒரே சீரான இரைச்சல். அவன் சொன்ன இடத்துக்குத் திரும்பப் போனாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“எனக்குக் கேக்கலைங்க,” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். காதுக்கருவியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடி அதே இடத்துக்குப் போனான். மதிவதனி இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் தொண்ணூற்று நான்கு கோப்புகள் இருந்தன.